நாற்பது கழிந்த பின்னும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையில் கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் எங்கள் ஊர்களில் ஒரு சிசு ஜனித்து, அதன் வலச்செவியில் பாங்கும் இடச்செவியில் இகாமத்தும் ஓதப்பட்டவுடனே, அது ஒரு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மாத்திரம் உரிய பிள்ளையாக நில்லாமல், ஒரு குடிக்கும் ஒரு தெருவுக்கும் ஒரு பள்ளிவாசல் மஹல்லாவுக்கும் உரிய பிள்ளையாகிவிடுகிறது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதும், தாய்வழியாகக் குடியைக் கணக்கிடுவதும் இக்கரையோரத்தின் நெடுநாளைய வழக்கமாதலால், பிள்ளை பெற்றவளின் படுக்கையைச் சுற்றி அவளுடைய உம்மாவும் மூத்தம்மாவும் சாச்சிமாரும் ராத்தாமாரும் நிற்பது இங்கே இயல்பாக அமைந்துவிட்ட ஓர் ஏற்பாடு. சந்தோஷ காலத்தில் இந்த ஏற்பாடு எவ்வளவு அழகாக இயங்குகிறதென்பதை நாம் எல்லோரும் அறிவோம். பிறந்த பிள்ளை ஓர் அவயவக் குறைபாட்டுடன் பிறந்து, ஓரிரு நாள்களுக்குள் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டியதாகிவிட்டால், இதே ஏற்பாடு எவ்வாறு இயங்கவேண்டும் என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் பொருள்.

ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் காண்போம். அறுவைப் பிரசவம் சுகமாக முடிந்திருக்கிறது. பிள்ளை வீரிட்டு அழுதிருக்கிறது. நிறமும் எடையும் நன்றாகவே இருக்கின்றன. விடுதியில் தாயின் பக்கத்தில் இருக்கும் மூத்தம்மா, ஒரு மணி நேரத்தில் நாலாவது தடவையாகப் பிள்ளையின் வாயைத் துணியால் ஒற்றி எடுக்கிறார். வெண்ணிறமான நுரை, சவர்க்கார நுரைபோல் சின்னஞ்சிறு குமிழிகளாக, உதட்டோரத்தில் மறுபடியும் வந்து நிற்கிறது. "என்ன மகள், புள்ள நுரை நுரையாத் தள்ளுது?" என்று அவர் கேட்கிறார். தாய் பால் கொடுக்க முயலுகிறாள்; இரண்டு மிடறு உள்ளே போனதும் பிள்ளைக்குப் புரையேறி, இருமி, முகம் நீலம் பாரிக்கிறது. தாதி ஓடி வருகிறார். வைத்தியர் வந்து, மெல்லிய குழாய் ஒன்றை எடுத்துப் பிள்ளையின் வாய்வழியாக இரைப்பையை நோக்கிச் செலுத்துகிறார். இரைப்பைவரை தடையின்றிச் செல்லவேண்டிய அக்குழாய், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சென்றதும், சந்து முனையில் மதிலில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. எக்ஸ்ரே படத்தில் அது மார்பின் மேற்பகுதியில் சுருண்டு கிடப்பது தெரிகிறது. உணவுக்குழாய் பாதியில் மூடுண்டிருக்கிறது என்பது அந்த ஒரு குழாயினாலேயே பிரத்தியட்சமாகிவிடுகிறது.

உலகில் ஏறக்குறைய 3500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இக்குறைபாடு எவ்வாறு உண்டாகிறதென்பதை அறிவது, குடும்பத்தின் துயரத்தைத் தணிப்பதற்கும் முதற்படியாகும். கரு உருவான நாலாவது வாரத்தில், அதன் நீளம் நம் வயல்களில் விளையும் ஒரு நெல்மணியின் நீளத்தைத் தாண்டாத பருவத்தில், பிற்காலத்தில் சுவாசக்குழாயாகவும் உணவுக்குழாயாகவும் ஆகவேண்டிய இரண்டும் ஒரே குழாயாகவே இருக்கின்றன. அந்தக் குழாயின் முன்பக்கத்தில் ஒரு மொட்டு அரும்பி, நுரையீரலாக வளரத் தொடங்குகிறது. அதே வேளையில் முன்குழாயும் பின்குழாயும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பிரிகின்றன. இந்தப் பிரிவினை இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அது எங்கோ ஓரிடத்தில் பிசகுமானால், உணவுக்குழாயின் மேற்பாகம் மூடிய பையாக நின்றுவிட, கீழ்ப்பாகம் சுவாசக்குழாயோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. இக்குறைபாடு உள்ள நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 85 பிள்ளைகளிடம் காணப்படுவது இந்த அமைப்பே. அதன் பயனாக, விழுங்கிய உமிழ்நீர் கீழே இறங்க வழியின்றி நுரையாய்ப் பொங்குகிறது. இரைப்பையிலுள்ள அமிலமோ தவறான வாசலால் மேலேறி நுரையீரலைப் புண்படுத்துகிறது. சில தாய்மாருக்குக் கர்ப்ப காலத்திலேயே பன்னீர்க்குடத்தில் நீர் மிகுந்து காணப்படுவதற்கும் காரணம் இதுவே: கருவிலுள்ள சிசு நாள்தோறும் அந்நீரை விழுங்கிக்கொண்டேயிருப்பது இயற்கை, விழுங்கும் வழி அடைபட்டால் நீர் தேங்குகிறது.

இந்த விவரத்தில் நாம் நின்று கவனிக்கவேண்டியது காலக்கணக்கு. பிசகு நேர்ந்தது நாலாம், ஐந்தாம் வாரங்களில். அதாவது, தான் கர்ப்பிணி என்பதைப் பல பெண்கள் நிச்சயமாக அறிந்துகொள்ளும் காலத்துக்கு முன்னரோ, அக்காலத்தை அண்டியோ. அவ்வாறிருக்க, ஏழாம் மாதத்தில் அவள் ஒரு கலியாண வீட்டுக்குப் போனதும், கிரகண வேளையில் முற்றத்தில் நின்றதும், யாரோ ஒருத்தியின் கண்ணூறு பட்டதும் இதற்குக் காரணமாதல் எங்ஙனம்? பிறவிக் குறைபாடுகளில் ஏறக்குறையச் சரிபாதிக்குக் குறிப்பான காரணம் எதையும் சுட்ட முடியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மச்சான் மச்சாள் விவாகம் வழக்கிலுள்ள நம் ஊர்களில் எழும் இன்னொரு கேள்விக்கும் நேர்மையான விடை சொல்லவேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் நகரில் நடந்து 2013இல் வெளியான பெரும் ஆய்வொன்று, நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடையே பிறவிக் குறைபாடு நூற்றுக்கு 3 என்ற அளவிலிருந்து 6 ஆக உயர்வதைக் கண்டது. விவாகத்துக்கு முன் யோசிப்பதற்கு இது தக்க செய்தி. பிள்ளை பிறந்த பின், நூறில் 94 பிள்ளைகள் அவ்வாறே சுகமாகப் பிறந்திருக்க, ஒருத்தியின் தலையில் பழியைச் சுமத்துவதற்கு இது ஆயுதமாகாது. உணவுக்குழாய் அடைப்போ பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. வேறு குறைபாடு எதுவும் சேராத நிலையில், அடுத்த பிள்ளைக்கும் அது வரும் சாத்தியம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே.

ஆகையால், அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடிய முதல் உபகாரம் நம் நாவைப் பேணிக்கொள்வதாகும். "நீ என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய்" என்ற விசாரணை, கேட்பவருக்கு ஒரு கணப் பேச்சாக இருக்கலாம். படுக்கையில் கிடப்பவளுக்கு அது பல ஆண்டுகள் ஆறாத புண். வைத்தியர் சொன்ன காரணத்தை, "இது உன்னால் வந்ததில்லை மகள், பிள்ளை நெல்லுமணியளவு இருக்கும்போதே நடந்தது" என்று ஒரு மூத்தம்மா தம் வாயால் எடுத்துச் சொல்வாராயின், எந்த நிபுணரின் விளக்கத்தைக்காட்டிலும் அது ஆழமாகப் பதியும்.

இரண்டாவது உபகாரம் முதல் சில மணி நேரங்களுக்குரியது. நுரை தள்ளும் பிள்ளையின் வாயில், வைத்தியர் பார்த்து அநுமதிக்கும் வரையில், பால் ஆகட்டும், சீனித்தண்ணீர் ஆகட்டும், தஹ்னீக்குக்காக மென்ற பேரீச்சம்பழம் ஆகட்டும், எதையும் வைக்கலாகாது. பிள்ளைக்கு வழி திறந்த பின் அந்தச் சுன்னத்தை நிறைவேற்றத் தடையில்லை. ஏழாம் நாளில் இயலாதபோது அகீகாவைப் பிற்பட்ட நாள்களில் கொடுப்பதையும் மார்க்க அறிஞர்கள் அநுமதித்தே வந்திருக்கிறார்கள். தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கப் படுக்கவைத்து, மூடிய பையில் தேங்கும் உமிழ்நீரைக் குழாய்மூலம் ஓயாமல் உறிஞ்சி எடுத்து, உடல் குளிராமல் காப்பதே சத்திரசிகிச்சைக்கு முந்திய சிகிச்சையின் சாரம். நம் ஊர் வெப்பத்தில் பிள்ளைக்குக் குளிருமோ என்று எண்ணுவது தவறு. தன் எடைக்கு மிஞ்சிய தோற்பரப்பு உடைய சிசு, வெப்பத்தை வெகு வேகமாக இழந்துவிடுகிறது. அதன் உடல் 36.5 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் காப்பது உயிரைக் காப்பதற்குச் சமானம்.

அதன்பின் வருவது பாதை. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் பிரசவங்களைக் கவனிக்கின்றன. ஆனால் சிசுக்களின் நுண்ணிய சத்திரசிகிச்சைக்கு, நோயின் தன்மையைப் பொறுத்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டரிலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, மலைநாட்டில் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ, 1895இல் தொடங்கிய கொழும்புச் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பிள்ளையை அனுப்பவேண்டி வரலாம். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால். அம்பியூலன்ஸில் பிள்ளையோடு தாதியும் வாப்பாவும் போக, அறுவைப் பிரசவமான தாய் கல்முனைக் கட்டிலில் தனியே கிடக்கிறாள். அவளுக்குப் பக்கத்துக் கட்டில்களிலெல்லாம் பிள்ளைகள் பால் குடிக்கின்றன. நாட்டில் வைத்தியம் இலவசமாகக் கிடைப்பது பெரும் பாக்கியமே. எனினும் வாப்பாவின் சோறு, தங்குமிடம், பஸ் காசு, கடலுக்குப் போகாத நாளின் கூலி, தறியில் இறங்காத நாளின் கூலி ஆகிய இவை இலவசமாவதில்லை. சிங்களத்தில் சொல்லப்படுவதை விளங்கி, கையொப்பம் வைக்கும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று எடுத்துச் சொல்ல ஒரு மனிதர் உடன் செல்வது, ஆயிரக்கணக்கான ரூபா நன்கொடைக்கு ஈடான உதவியாகும்.

தனியே கிடக்கும் தாய்க்குச் செய்யவேண்டிய உதவியையும் விஞ்ஞானமே காட்டித் தருகிறது. பாற்சுரப்பு என்பது கேட்கக் கேட்கக் கொடுக்கும் ஊற்று. எடுக்காமல் விட்டால் சில நாள்களில் அது தானாகவே வற்றத் தொடங்கும். பிள்ளை அருகில் இல்லாத தாய், நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது, இரவிலும் உட்பட, கையாலோ பம்பாலோ பாலை எடுத்துவந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் குழாய் வழியாக முதல் ஆகாரம் கொடுக்கப்படும் நாளில் அது தாயின் பாலாகவே இருக்கும். முதல் நாள் எடுப்பதில் கிடைப்பது ஒரு தேக்கரண்டியை நிறைக்காத மஞ்சள் சீம்பால்தான். அதைக் கண்டு "பாலில்லை" என்று சொல்லிவிடாமல், நோயை எதிர்க்கும் சக்தி அந்தச் சில துளிகளில் செறிந்திருப்பதை அறிந்து, சுத்தமான கோப்பையைப் பிடித்தபடி நடுச்சாமத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாச்சி, அப்பிள்ளையின் சிகிச்சையில் நேரடியாகப் பங்குகொள்கிறாள் என்றே சொல்லவேண்டும்.

இனி, சத்திரசிகிச்சை. விழுங்க இயலாத இத்தகைய சிசுவொன்றைத் தோமஸ் கிப்ஸன் என்ற ஆங்கில வைத்தியர் 1697இலேயே தெளிவாக வர்ணித்துவிட்டார். ஆனால் நோயை அறிந்ததற்கும் அதை வென்றதற்கும் இடையில் 244 ஆண்டுகள் கழிந்தன. 1941 மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், கமரன் ஹெய்ட் என்பவர் பன்னிரண்டு நாள் வயதுடைய ஒரு பெண்சிசுவின் மார்பைத் திறந்து, உணவுக்குழாயின் இரு முனைகளையும் முதன்முறையாக நேரே இணைத்து அதைப் பிழைக்கவைத்தார். அந்த வெற்றியும் அன்றோடு முடிந்த வெற்றியன்று: இணைப்பு கசிந்தது, கசிவு ஆறியபின் வழி சுருங்கியது, சுருங்கிய வழியை விரிக்கவேண்டியிருந்தது. இன்று வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே சென்று, சுவாசக்குழாயோடுள்ள தவறான தொடர்பைத் துண்டித்துத் தைத்து, தலைமயிரை ஒத்த நூலால் இரு முனைகளையும் சேர்த்துவிடுகிறார்கள். போதிய எடையோடு, இருதயக் கோளாறின்றிப் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர், வசதி நிறைந்த நிலையங்களில் பிழைத்துவிடுகின்றனர்.

சிசுவுக்கு நோவு தெரியாது என்ற அபிப்பிராயம் 1980கள் வரையில் வைத்திய உலகிலேயே நிலவியதையும், மிகக் குறைந்த மயக்க மருந்தோடு சிசுக்களுக்குச் சத்திரசிகிச்சை நடந்துவந்ததையும் இன்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியர் ஆக்ஸ்ஃபர்டில் ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட முடிவுகள், நோவு சிசுவின் உடலைக் கொடிய முறையில் தாக்குகிறதென்றும், அதைத் தணித்தால் பிள்ளை நன்கு தேறுகிறதென்றும் நிலைநாட்டின. பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட சிசுக்களும் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து அதனையே விரும்புகின்றன என்பது 1980இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரீட்சையினால் தெரியவந்தது. ஆகவே, தாய் நடக்கக்கூடியவளானதும் அவளைக் கொழும்புக்கு அழைத்துப்போய் பிள்ளை கிடக்கும் கண்ணாடிப் பெட்டியின் அருகில் நிறுத்துவதும், குழாய்களுக்கிடையே தெரியும் சிறு உள்ளங்கையில் ஒரு விரலை வைத்து அவள் தாலாட்டவோ ஓதவோ இடங்கொடுப்பதும் வெறும் ஆறுதலன்று. அது பிள்ளைக்கும் மருந்து, தாய்க்கும் மருந்து.

ஆனால், சில மணி நேரத்தில் முடியும் சத்திரசிகிச்சையைக் கதையின் முடிவென்று கொள்வதே நாம் செய்யும் பெரும் பிழை. மலவாயிலின்றிப் பிறக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 5000 பிறப்புகளுக்கு ஒன்று இவ்வாறு நேர்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், குர்துபா நகரின் அருகே வாழ்ந்து 1013இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் அத்தஸ்ரீப் என்னும் பெருநூலில், மெல்லிய சவ்வால் வாயில் மூடப்பட்டுப் பிறக்கும் சிசுவுக்கு அதைத் திறந்துவிடும் முறையை எழுதியிருக்கிறார். சவ்வைக் கடந்து உள்ளே உயரத்தில் குடல் முடிந்துவிட்ட பிள்ளைக்கோ, இக்காலத்தில் மூன்று கட்டமாகச் சிகிச்சை நடக்கிறது: முதலில் வயிற்றின் மேல் ஒரு தற்காலிக வாயில்; சில மாதங்களில், அல்பெர்த்தோ பெஞ்ஞா என்பார் 1982இல் வெளியிட்ட முறைப்படி, உரிய இடத்தில் புதிய வாயில்; அது ஆறி விரிந்தபின், வயிற்று வாயிலை மூடுதல். இம்மாதங்கள் முழுவதும், வயிற்றின் மேல் ரோஜா நிறத்தில் ஈரமாகத் தெரியும் அக்குடல் முனையைச் சுற்றியுள்ள தோல் வெந்துபோகாமல் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, பையையோ துணியையோ மாற்றுபவள் தாய். அந்த முனைக்குத் தொட்டால் நோவு தெரியாது, அது சிவந்திருப்பது சுகத்தின் அடையாளம், கறுப்பதுதான் ஆபத்து. இந்த மூன்று செய்திகளையும் அறிந்த ஒரு ராத்தா வீட்டில் இருந்தால், தாய் ஒரு பகல் நிம்மதியாக உறங்க முடியும்.

உணவுக்குழாய் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும் இவ்வாறே நீண்ட பின்கதை உண்டு. சுவாசக்குழாயின் சுவர் மென்மையாக இருப்பதால் அதன் இருமல் குரைப்பதுபோல் ஒலிக்கும். அயலார் அதைத் தொற்றுநோய் என்று எண்ணித் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளலாகாது. இணைத்த இடம் சுருங்கும்போதெல்லாம் அதை விரிக்க மறுபடியும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். திட ஆகாரம் தொடங்கியபின் ஒரு பாண் துண்டோ இறைச்சித் துண்டோ அதன் தொண்டையைக் கடந்து மார்பில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆதலால் அன்பின் மிகுதியால் யாரும் பெருநாள் இறைச்சியை அதன் வாயில் ஊட்டிவிடலாகாது.

இப்போது நம் வழக்கத்தை இந்தக் காலக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். செய்தி பரவிய முதல் நாளில் வீடு கொள்ளாத கூட்டம்; வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் வசூல்; ஏழாம் நாள் வரையில் தொலைபேசி ஓய்வதில்லை. நாற்பது கழிந்ததும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டதும், எல்லாம் அடங்கிவிடுகிறது. குடும்பத்தின் பாரமோ அப்போதுதான் தொடங்குகிறது. மாரிகாலத்தில் வயல் மூழ்க நீர் பாய்ச்சி, கதிர் பிடிக்கும் காலத்தில் வாய்க்காலை அடைத்துவிடும் விவசாயி நம் மாவட்டத்தில் எவருமில்லை. உதவியையும் அவ்வாறே பருவம் அறிந்து முறைவைத்துப் பாய்ச்சவேண்டும். ஒரே நாளில் சேர்த்த பணத்தின் ஒரு பங்கை அடுத்த பதினெட்டு மாதப் பயணங்களுக்கென்று பள்ளிவாசல் நிருவாக சபையோ ஸகாத் நிதியமோ ஒதுக்கிவைக்கலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியத்துக்கு வைத்திய உதவி கோரி விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியர் அவ்வேலையை ஏற்றுக்கொள்ளலாம். மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துப்போவதை அடுத்த வீட்டுக் காக்கா பொறுப்பெடுக்கலாம். மிட்வைஃப் என்று நாம் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் பயனாக, இன்று நம் வாசலுக்கே வருகிறார். தாய் பல வாரங்களாகச் சிரிப்பின்றி, உறக்கமின்றி, பிள்ளையைத் தூக்க மனமின்றி இருக்கக் கண்டால், அதை வெட்கத்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லவேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கும் பரிகாரம் உண்டு.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 74 நாடுகளில் 264 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2021இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய குடல், வயிற்றுப் பிறவிக் குறைபாடுகளுடன் வந்த பிள்ளைகளில் வறிய நாடுகளில் நூற்றுக்கு 40 பேர் வரையிலும், நடுத்தர நாடுகளில் 20 பேர் வரையிலும், செல்வ நாடுகளில் 6 பேருக்குக் குறைவாகவும் மரித்ததைக் காட்டியது. குறைபாடு எங்கும் ஒன்றே. காலத்தோடு கண்டறிதலும், குளிராமல் கொண்டு சேர்த்தலும், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இடைவிடாத பராமரிப்புமே உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்கின்றன. இவற்றிற் பல வைத்தியசாலையின் சுவருக்குள் நடப்பவை. சில நம் தெருவில் நடப்பவை. பிழைக்காத பிள்ளையின் உம்மாவுக்கும் அதே தெரு, அதே நீண்ட காலம், தேவைப்படுகிறது. அவளிடம் அப்பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதிருப்பது அவளுக்கு நாம் செய்யும் மரியாதை.

நம் வீடுகள் தோறும் சுவரில் தொழுகை நேரங்கள் அச்சிட்ட நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் பெருநாளைக் குறித்துக்கொள்கிறோம், கலியாணத்தைக் குறித்துக்கொள்கிறோம். அயல்வீட்டுப் பிள்ளையின் அடுத்த கிளினிக் திகதியையும் அதில் குறித்துவைத்து, அதற்கு முந்திய நாள் மஃரிபுக்குப் பின் அவ்வீட்டு வாசலில் போய் நின்று, "நாளைக்குக் கொழும்புக்குப் போக யார் வரவேணும்?" என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பாரானால், ஒன்றரை வயதில் அந்தப் பிள்ளை தன் உம்மாவின் விரலிலிருந்து ஒரு வாய் பிசைந்த சோற்றை வாங்கி, மெல்ல மென்று, தடையின்றி விழுங்கும் காட்சியில் சத்திரசிகிச்சை நிபுணருக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அத்தெருவுக்கும் உண்டு.